புதுச்சேரி நகரின் குடிநீர் வரலாறு

வங்கக் கடலோரம் அமைந்த புதுச்சேரி நகரின் குடிநீர் நிலத்தடியிலிருந்து பெறப்படுகிறது. ஆற்றிலிருந்தோ அணையிலிருந்தோ இந்நகருக்குக் குடிநீர் வருவதில்லை. பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் நகருக்கு வெளியே இருந்த ஓர் ஊற்றின் நீர் வாய்க்கால் வழியாகக் கொண்டுவரப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தானாகவே பொங்கி வழியும் ஆர்ட்டீசியன் கிணறுகள் தோண்டப்பட்டன. இன்று ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து மின் மோட்டார் மூலம் நீர் இறைக்கப்படுகிறது. ஊற்று, பொங்கு கிணறு, ஆழ்துளைக் கிணறு என்னும் இம்மூன்று கட்டங்களிலும் நீரின் தரத்தைப் பெரிதும் தீர்மானித்த காரணி ஒன்று உண்டு. அது நீரின் அழுத்தம். நிலத்தடியில் அழுத்தம் குறைந்தபோது கடலோர நீரில் உப்பு ஏறியது. குழாயில் அழுத்தம் குறையும்போது கழிவுநீர் உள்ளே நுழைகிறது. இவ்வரலாற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

நில அமைப்பு

புதுச்சேரியின் மேற்கிலும் வடமேற்கிலும் கோரிமேடு போன்ற செம்மண் மேட்டு நிலங்கள் உள்ளன. அங்கிருந்து நிலம் கிழக்கே கடலை நோக்கிச் சரிகிறது. தெற்கே சங்கராபரணி ஆறும் (செஞ்சி ஆறு) தென்பெண்ணை ஆறும் வண்டல் மண்ணைப் படிய வைத்துள்ளன. மேலடுக்கில் மணலும் வண்டலும், அதன்கீழ் 'கடலூர் மணற்கல்' எனப்படும் பாறையடுக்கும், இன்னும் ஆழத்தில் சுண்ணாம்புக்கல், பழைய மணற்கல் அடுக்குகளும் காணப்படுகின்றன.

இவ்வடுக்குகள் மேற்கே மேட்டு நிலத்தில் தலைகாட்டி, கடலை நோக்கிச் சாய்ந்து ஆழத்துக்குச் செல்கின்றன. மேட்டில் பெய்யும் மழை மணற்கல்லுக்குள் இறங்கி, களிமண் அடுக்குகளுக்கு இடையே கிழக்கு நோக்கி மெல்ல நகர்கிறது. மேலும் கீழும் களிமண் மூடியிருப்பதால் இந்நீர் அழுத்தத்துடன் அடைபட்டு நிற்கிறது. பல அடுக்கு மணலால் வடிகட்டப்படுவதால் தெளிவாகவும் இருக்கும். புதுச்சேரி பின்னாளில் நல்ல தண்ணீருக்குப் பெயர்பெற்றதற்கு இந்த அமைப்பே காரணம்.

கடற்கரையை ஒட்டிய மேலடுக்கின் நிலை வேறு. அங்கே சில அடி ஆழத்திலேயே நீர் கிடைக்கும். ஆனால், கடல் அருகில் இருப்பதால் அது எளிதில் உவர்ப்பாகும். வீடுகள் நெருங்கிய இடங்களில் கழிவும் அதில் எளிதாகக் கலந்துவிடும்.

பழைய நீர்நிலைகள்

புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு நடத்தினார். உரோமானியருடன் வணிகம் நடந்த இப்பழைய துறைமுகத்தில் சுடுமண் உறைகிணறுகள் கண்டறியப்பட்டுள்ளன. சுடுமண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், தளர்ந்த மணலிலும் கிணற்றின் சுவர் சரியாமல் நிற்கும். கடலோர மக்கள் மேலடுக்கு நீரைப் பயன்படுத்திய மிகப் பழைய முறைகளுள் இது ஒன்று.

உள்நாட்டில் ஏரிகளே நீருக்கு ஆதாரமாக இருந்தன. புதுச்சேரி வட்டாரத்தில் 84 ஏரிகள் உள்ளதாகக் கணக்கிடப்படுகிறது. அவற்றுள் ஊசுட்டேரியும் பாகூர் ஏரியும் பெரியவை. தென்பெண்ணையிலிருந்து பாகூர் ஏரிக்கு நீர் கொண்டுவரும் பங்காரு வாய்க்காலை வெட்டுவித்தவர் ஒரு தாசி என்பது உள்ளூர் மரபு. ஏரிகள் முதன்மையாகப் பாசனத்துக்கு அமைந்தவை. எனினும், அவற்றில் தேங்கும் நீர் நிலத்துக்குள் இறங்கி, சுற்றியுள்ள கிணறுகளின் நீர்மட்டத்தைத் தாங்கியது. பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் பல ஊர்களில் ஊர்ப் பொதுநிதி வைத்து, ஏரி மீன், மரம் ஆகியவற்றிலிருந்து கிடைத்த வருவாயைக் கொண்டு மராமத்துப் பார்த்தனர்.

ஆயியின் கதை

புதுச்சேரியின் குடிநீரைப் பற்றிப் பேசும் எவரும் ஆயியைக் குறிப்பிடாமல் இருப்பதில்லை. மரபுக் கதை பின்வருமாறு: விசயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் (ஆட்சிக்காலம் 1509–1529) இவ்வழியே சென்றபோது, விளக்கொளியில் அழகுற விளங்கிய ஒரு மாளிகையைக் கோயில் என்று கருதி வணங்கினார். அது ஆயி என்னும் தாசியின் வீடு என்று தெரிந்ததும் சினம் கொண்டு, அதை இடிக்க ஆணையிட்டார். தன் வீட்டைத் தானே இடித்துக்கொள்ள அனுமதி கேட்ட ஆயி, அந்த இடத்தில் மக்களுக்காக ஒரு குளம் வெட்டினார். முத்திரையர்பாளையத்தில் உள்ள ஆயி குளம் அதுவே என்று மக்கள் நம்புகின்றனர்.

இது வாய்மொழியாக வழங்கிவரும் கதை. இதைக் கிருஷ்ணதேவராயர் காலத்து வரலாற்று நிகழ்ச்சியாகக் கொள்ள இயலாது. ஆயினும் கதையில் இரு செய்திகள் கவனிக்கத்தக்கவை. ஒன்று, நகரின் நல்ல தண்ணீர் கடற்கரையில் இல்லை, மேற்கே முத்திரையர்பாளையத்தில் இருக்கிறது என்ற உள்ளூர் அறிவு. மற்றொன்று, அரசனின் சினத்துக்கு ஆளான பெண்ணே ஊருக்குத் தண்ணீர் தந்தவள் என்ற மக்களின் தீர்ப்பு. பங்காரு வாய்க்கால் மரபும் இதையே சொல்கிறது என்பது நோக்கத்தக்கது.

முத்திரையர்பாளையம் ஊற்று

பிரெஞ்சுக்காரர்கள் நகரை அமைத்தபோது ஆளுநர் மாளிகையும் ஐரோப்பியர் குடியிருப்பும் கடற்கரையை ஒட்டி அமைந்தன. அதற்கு மேற்கே ஒரு பெரிய வாய்க்கால். வாய்க்காலுக்கு அப்பால் தமிழர் குடியிருப்பு. வாணிகத்துக்கும் பாதுகாப்புக்கும் கடற்கரை ஏற்றது. குடிநீருக்கு அது ஏற்றதன்று. சென்னையில் ஆங்கிலேயரும் இதே சிக்கலைச் சந்தித்தனர். அங்கு 1772இல் கேப்டன் பேக்கரின் திட்டப்படி கோட்டைக்கு வெளியே கிணறுகள் தோண்டிக் கோட்டைக்கு நீர் கொண்டுவரப்பட்டது. ஏழுகிணறு என்ற பெயர் அந்தப் பகுதிக்கு இன்றும் நிலைத்திருக்கிறது.

புதுச்சேரியில் இதற்கான தீர்வு, பேரரசர் மூன்றாம் நெப்போலியன் பிரான்சை ஆண்ட காலத்தில் (1852–1870) ஏற்பட்டது. அப்போது பிரெஞ்சிந்தியப் பகுதிகளின் தலைமைப் பொறியாளராக இருந்தவர் லமேரெஸ். தென்னிந்தியப் பாடல்களைப் பிரெஞ்சில் வெளியிட்டவர் என்ற முறையிலும் இவர் அறியப்படுகிறார். முத்திரையர்பாளையத்து நீரை ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவிலிருந்த நகருக்கு வாய்க்கால் வழியாகக் கொண்டுவரும் பணியை இவர் மேற்கொண்டார். இறைக்கும் இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. மேட்டிலிருந்து கடலை நோக்கிச் சரியும் நிலமே நீரை நகர்த்தியது.

இந்த நீர்வரத்தின் நினைவாக ஆளுநர் மாளிகைக்கு எதிரே உள்ள சதுக்கத்தில், இன்றைய பாரதி பூங்காவின் நடுவில், வெண்ணிற மண்டபம் ஒன்று கட்டப்பட்டது. கிரேக்க-உரோமானியப் பாணியில் அமைந்த இம்மண்டபத்துக்கு ஆயியின் பெயர் சூட்டப்பட்டது. ஆயி மண்டபமே இன்று புதுச்சேரி அரசின் சின்னமாக விளங்குகிறது. உலகில் பல அரசுகள் சிங்கத்தையும் கழுகையும் சின்னமாகக் கொண்டிருக்க, குடிநீர் வந்ததன் நினைவைச் சின்னமாகக் கொண்ட அரசு இது.

அக்காலத்தில் 'நல்ல தண்ணீர்' என்றால் என்ன?

லமேரெஸ் பணியாற்றிய காலத்தில் கிருமிகளைப் பற்றிய அறிவியல் இன்னும் நிலைபெறவில்லை. 1854இல் இலண்டனில் ஜான் சினோ என்ற மருத்துவர், பிராட் தெருவின் குழாயடி ஒன்றே அப்பகுதியில் காலரா பரவக் காரணம் என்று காட்டினார். காலராக் கிருமியை இராபர்ட் கோக் இனங்கண்டது 1883–84இல்தான். அந்த ஆய்வின் ஒரு பகுதி கல்கத்தாவின் குளங்களில் நடந்தது. குடிநீரில் குளோரின் கலப்பது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வழக்கத்துக்கு வந்தது.

அதுவரை கண்ணும் நாக்கும் அடுப்புமே சோதனைச் சாலைகள். தெளிவாக இருக்கிறதா, கரிக்கிறதா, நாற்றம் உண்டா, பருப்பு வேகிறதா என்று பார்த்தே தண்ணீரின் தரம் முடிவு செய்யப்பட்டது. பருப்புச் சோதனை வெறும் நம்பிக்கை அன்று. சுண்ணாம்பு, மக்னீசிய உப்புகள் மிகுந்த கடின நீரில் பருப்பு எளிதில் வேகாது. ஆனால், கண்ணுக்குத் தெரியாத நோய்க்கிருமியை இச்சோதனைகள் எவையும் காட்டா. ஊற்று நீர் மக்கள் நெருக்கமில்லாத இடத்திலிருந்து வந்தது, மணலால் வடிகட்டப்பட்டிருந்தது. ஆகவே அது சுவைக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோதிலும், நெரிசலான நகரக் கிணற்று நீரைவிடப் பாதுகாப்பானதாகவும் இருக்க வாய்ப்பு மிகுதி.

பொங்கு கிணறுகளின் காலம்

பிரான்சின் அர்த்துவா பகுதியில் இடைக்காலத்திலிருந்தே தானாகப் பொங்கும் கிணறுகள் தோண்டப்பட்டுவந்தன. ஆர்ட்டீசியன் என்ற சொல் அப்பெயரிலிருந்து வந்ததே. பாரிசின் கிரெனெல் பகுதியில் ஏறத்தாழ ஏழாண்டு உழைப்புக்குப்பின் 1841இல் 548 மீட்டர் ஆழத்திலிருந்து நீர் பொங்கியது. அந்த அனுபவம் பிரெஞ்சுக்காரர்களுக்கு இருந்தது.

புதுச்சேரியில் 1870களின் பிற்பகுதியில் சவானா நூற்பாலையில் இம்முயற்சி தொடங்கியது. அங்கே துளையிட்டபோது, அழுத்தத்தில் அடைபட்டிருந்த நீர் நிலமட்டத்துக்கு மேல் தானே எழுந்தது. நகரிலும் சுற்றுப்புறத்திலும் மேலும் பல கிணறுகள் தோண்டப்பட்டன. சென்னைக்கும் இப்படி நீர் கிடைக்குமா என்ற கேள்வியுடன் இந்திய நிலவியல் ஆய்வுத்துறை 1880இல் புதுச்சேரிக் கிணறுகளைப் பற்றிய கட்டுரை ஒன்றை வெளியிட்டது. 1880களில் பாகூர்ப் பகுதியில் இவ்வாறு துளையிட்டபோது பழுப்பு நிலக்கரி தென்பட்டது. பின்னாளில் நெய்வேலியில் வெட்டியெடுக்கப்பட்ட நிலக்கரியும் இதே நில அமைப்பைச் சேர்ந்தது. தண்ணீர் தேடிய துளை, நிலத்தடிச் செல்வத்தின் முதல் தடயங்களுள் ஒன்றைக் காட்டியது.

பொங்கு கிணற்றின் நீர் தரத்தாலும் சிறந்தது. ஆழத்திலிருந்து வருவதாலும் களிமண் மூடியிருப்பதாலும் மேற்பரப்புக் கழிவு அதில் கலப்பது அரிது. நீர் வெளிநோக்கித் தள்ளிக்கொண்டிருக்கும்வரை வெளியிலுள்ளது உள்ளே வர இயலாது.

மோட்டார் வந்த பிறகு

1954 நவம்பர் 1ஆம் நாள் புதுச்சேரியின் ஆட்சி இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. 1962 ஆகஸ்ட் 16 அன்று அது சட்டப்படி இணைந்தது. குடிநீர் வழங்கும் பொறுப்பு பொதுப்பணித்துறையிடம் வந்தது. மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டிகளும் தெருக்குழாய்களும் வீட்டு இணைப்புகளும் பெருகின. தண்ணீர் எடுக்கத் தொலைவு நடந்த குடும்பங்களுக்கு இது பெரும் மாற்றம்.

அதே காலத்தில் வேளாண்மையிலும் மாற்றம் நிகழ்ந்தது. ஏரிப்பாசனத்தின் இடத்தை ஆழ்துளைக் கிணறும் மின் மோட்டாரும் பிடித்தன. நெல்லும் கரும்பும் நிலத்தடி நீரைக் கொண்டு விளைந்தன. தொழிற்சாலைகளும் பெருகும் நகரமும் அதே அடுக்கிலிருந்து நீர் எடுத்தன. ஏரிகளைக் கவனிக்கும் ஊர்ப் பொறுப்பு தளர்ந்தது. வரத்து வாய்க்கால்கள் தூர்ந்தன. நிலத்துக்குள் இறங்கும் நீரைவிட வெளியேறும் நீர் மிகுந்தது. பொங்கு கிணறுகள் வழிவது நின்றது. கடலோரத்தின் பல இடங்களில் நிலத்தடி நீர்மட்டம் கடல் மட்டத்தைவிடக் கீழே சென்றது.

உப்பு ஏறுதல்

கடலோரத்தில் நன்னீர், உவர்நீரைவிட எடை குறைந்தது என்பதால் அதன்மேல் மிதக்கிறது. மூடப்படாத மணலடுக்கில் கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பது நீரியலில் அறியப்பட்ட கணக்கு. இதன் மறுபக்கம் அச்சம் தருவது: மேலே 1 மீட்டர் குறைந்தால், கீழே உவர்நீர் காலப்போக்கில் 40 மீட்டர்வரை ஏறக்கூடும். ஆழத்தில் மூடப்பட்ட அடுக்குகளில் கணக்கு மாறும். ஆயினும் நன்னீரின் அழுத்தம் குறைந்தால் கடல்நீர் முன்னேறும் என்ற அடிப்படை மாறாது. ஏறிய உப்பைத் திருப்பி அனுப்பப் பல ஆண்டுகள் பிடிக்கும்.

புதுச்சேரியின் கடலோரப் பகுதிகளில் உவர்ப்பு மிகுந்ததற்குக் கடல்நீர் ஊடுருவல் முதன்மையான காரணம். இதைக் கட்டுப்படுத்த நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் 2002இல் இயற்றப்பட்டது. 1999இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியுடன் ஏரிகளைச் சீரமைக்கும் திட்டம் தொடங்கியது. இரண்டும் ஒரே நோக்கத்தின் இரு பக்கங்கள்: எடுப்பதைக் குறைப்பது, இறக்குவதைக் கூட்டுவது.

உவர்ப்பு மிகுந்த பகுதிகளில் எதிர்ச் சவ்வூடுபரவல் (ஆர்.ஓ.) முறையில் நீரைச் சுத்திகரித்துக் குறைந்த விலையில் கேன்களில் வழங்கும் நிலையங்களும் அமைந்தன. இம்முறை உப்பை நீக்கும். ஆனால், உள்ளே செல்லும் நீரில் ஒரு பகுதி உப்பு மிகுந்த கழிவாக வெளியேறும். அதை எங்கே விடுவது என்பது தனிச் சிக்கல். சுத்திகரித்த நீரும் கழுவாத கேனில் பிடித்தால் மீண்டும் மாசுபடும்.

குழாயில் நேரும் ஆபத்து: காரைக்கால், 2022

உப்பு மெல்ல வரும். நாக்கு அதை அறியும். கழிவுநீரால் வரும் ஆபத்து திடீரென நேரும். நாக்கு அதை அறியாமலும் போகலாம். புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்ததும், நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவில் உள்ளதுமான காரைக்காலில் 2022ஆம் ஆண்டு இது நிகழ்ந்தது. 1,500க்கும் மேற்பட்டோர் வயிற்றுப்போக்கால் பாதிக்கப்பட்டனர். சிலருக்குக் காலரா உறுதியானது. 2022 சூலை 3 அன்று அங்குப் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டது. பள்ளிகள் சில நாள் மூடப்பட்டன. நீரைக் காய்ச்சிக் குடிக்குமாறு மக்கள் அறிவுறுத்தப்பட்டனர். குடிநீர்க் குழாயில் கழிவுநீர் கலந்ததே காரணமாகக் கூறப்பட்டது.

ஆழத்திலிருந்து எடுக்கப்படும் தூய நீர் எப்படி நோய் தரும்? இந்திய நகரங்கள் பலவற்றில் குடிநீர் நாளின் சில மணி நேரமே விடப்படுகிறது. நீர் ஓடும்போது குழாய்க்குள் அழுத்தம் இருக்கும்; விரிசல் இருந்தால் நீர் வெளியே கசியும். நீர் நின்றதும் அழுத்தம் போய்விடும். அப்போது அருகிலுள்ள சாக்கடை நீர் அதே விரிசல் வழியே உள்ளே வரும். மறுநாள் முதலில் வரும் தண்ணீரில் அது வீட்டுக்குள் வந்துசேரும். வீட்டு இணைப்பில் மோட்டார் வைத்து உறிஞ்சுவது இந்த ஆபத்தை மேலும் கூட்டும். குழாயும் சாக்கடையும் அருகருகே செல்லும் பழைய தெருக்களில் இது மிகுதி.

இன்றைய தர அளவுகள்

இந்தியத் தர அமைவனத்தின் ஐ.எஸ். 10500 என்ற தரநிலை (2012) குடிநீருக்கான அளவுகளை வகுத்துள்ளது. அவற்றுள் முதன்மையானவை:

கரைந்துள்ள மொத்த உப்புகள்: லிட்டருக்கு 500 மில்லிகிராம்வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத நிலையில் 2,000வரை அனுமதி.

குளோரைடு: லிட்டருக்கு 250 மில்லிகிராம், வேறு வழியில்லாத நிலையில் 1,000.

நைட்ரேட்டு: லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் கூடாது.

எஞ்சிய குளோரின்: குறைந்தது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் இருத்தல் வேண்டும்.

ஈ. கோலி: 100 மில்லிலிட்டர் நீரில் ஒன்றுகூட இருத்தல் கூடாது.

முதல் இரண்டும் கடலின் வரவைக் காட்டுபவை. நைட்ரேட்டு உரத்தின் அல்லது கழிவின் வரவைக் காட்டும். கடைசி இரண்டும் குழாயின் நிலையைக் காட்டுபவை. தொட்டியில் குளோரின் கலந்தும் தெருவின் கடைசி வீட்டில் அது எஞ்சவில்லை என்றால், வழியில் ஏதோ அதைத் தின்றுவிட்டது என்று பொருள். ஆகவே சோதனை தொட்டியடியில் மட்டும் செய்தால் போதாது. கடைசிக் குழாயிலும் செய்யவேண்டும். 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில், ஊர்ப் பெண்களுக்குப் பயிற்சியளித்து எளிய சோதனைப் பெட்டிகளால் நீரை ஆராயும் முறை கொண்டுவரப்பட்டதும் இக்காரணத்தால்தான்.

மதிப்பீடு

முத்திரையர்பாளையத்து ஊற்று நகரை அடைய நிலத்தின் சரிவு போதுமானதாக இருந்தது. பொங்கு கிணற்றுக்கு நிலத்தடி அழுத்தம் போதுமானதாக இருந்தது. இவ்விரண்டும் மேற்கே மேட்டில் இறங்கிய மழையின் கொடை. மோட்டார் வந்தபின் நீரின் அளவு கூடியது. ஆனால், நீரைக் காத்துவந்த அழுத்தம் குறைந்தது. நிலத்தடியில் அதை மீட்க ஏரிகளும் அளவான இறைப்பும் தேவை. குழாயில் அதைக் காக்கப் பழுதற்ற குழாய்களும் இடைவிடாத நீரோட்டமும் கடைசி வீட்டுவரை நடக்கும் சோதனையும் தேவை.

நீர் இணைப்பு இல்லாத வீடு கணக்கில் உடனே தெரியும். இணைப்பு இருந்தும் நீர் பாதுகாப்பற்ற வீடு, நோய் வந்த பிறகே தெரியும். புதுச்சேரி தன் அரசுச் சின்னத்தில் வைத்திருக்கும் மண்டபம் தண்ணீர் வந்து சேர்ந்ததைக் கொண்டாடுகிறது. வந்து சேரும் தண்ணீர் நல்லதாக இருக்கிறதா என்று நாள்தோறும் பார்ப்பது அதற்கு அடுத்த பணி.